தோற்கவே முடியாத வழக்கு

இது கொஞ்சம் நீளமான த்ரெட். விஷயமும் கனமானது. நேரம் இருக்கும்போது கடைசி வரைக்கும் படிங்க. பாதியில விட்டா தப்பான முடிவுக்கு வந்துடுவீங்க.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

ஒருத்தன் பட்டப்பகலில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொல்கிறான். உயிர் தப்பியவர்கள் சாட்சி. சில நிமிஷத்தில் துப்பாக்கிகளோட பிடிபடுகிறான். அன்றைக்கே போலீஸ் விசாரணையில் தான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறான்.

இந்த வழக்கு முடிய எவ்வளவு காலம் ஆகும்?

ஏறக்குறைய ஆறு வருஷம் ஆச்சு. அரசுத் தரப்பு கேட்ட தண்டனையும் கடைசியில் கிடைக்கவில்லை.

ஏன் இப்படி ஆச்சு என்பதுதான் இன்றைய கதை. நான் வக்கீல் இல்லை, டாக்டர். ஆனாலும் இந்த வழக்கில் ஒரு டாக்டர் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கு.

1. சீல் பீச், 2011

கலிஃபோர்னியாவின் தென்பகுதியில், லாங் பீச் நகரத்தை ஒட்டி, சீல் பீச் என்று ஒரு சின்னக் கடலோர ஊர். மக்கள்தொகை சுமார் 24,000. ஆரஞ்சு கவுண்டியைச் சேர்ந்தது. கவுண்டி என்பதை நம்ம மாவட்டம் மாதிரின்னு வெச்சுக்கோங்க.

2011 அக்டோபர் 12, புதன்கிழமை. மதியம் ஒன்றேகால் மணிக்கு மேல், சலோன் மெரிட்டாஜ் என்ற பார்லருக்குள் 41 வயது ஆள் ஒருவன் நுழைந்தான். உடம்பில் குண்டு துளைக்காத கவசம். கையில் துப்பாக்கிகள், மொத்தம் மூன்று.

அந்த பார்லரில்தான் அவனுடைய முன்னாள் மனைவி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சுட்டான். அதோடு நிற்கவில்லை. பார்லரின் உரிமையாளர், கூட வேலை பார்த்தவர்கள், முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் என்று வரிசையாகச் சுட்டான். வெளியே போகும்போது, காரில் உட்கார்ந்திருந்த, சம்பந்தமே இல்லாத ஒருவரையும் சுட்டுவிட்டுப் போனான்.

எல்லாம் சில நிமிஷம்தான். இறந்தவர்கள் 8 பேர். ஆறு பெண்கள், இரண்டு ஆண்கள்.

ஒன்பதாவதாகக் குண்டடி பட்டவர் 73 வயது அம்மா ஒருவர். அவர் பிழைத்தார். அந்த பார்லரில் வேலை பார்த்த தன் மகளிடம் முடி அலங்காரம் செய்துகொள்ள வந்திருந்தவர். இறந்த எட்டுப் பேரில் அந்த மகளும் ஒருவர்.

கொலையாளியின் பெயரை இங்கே எழுதவில்லை. இறந்தவர்கள், அவர்கள் குடும்பத்தார் பெயரும் வேண்டாம். பொறுப்பான பதவியில் இருந்தவர்கள் பெயரை மட்டும் சொல்றேன், ஏன்னா அவங்க பதவிக்குப் பதில் சொல்ல வேண்டியவங்க.

2. அதற்கு முன்னால் இருந்த கதை

இரண்டு பேருக்கும் விவாகரத்து ஆகியிருந்தது. ஆரம்பப் பள்ளியில் படிக்கும் ஒரு மகன். அந்தப் பையன் யாரிடம் எத்தனை நாள் இருப்பது, அவன் படிப்பு, வைத்தியம் பற்றி யார் முடிவெடுப்பது என்று கோர்ட்டில் இழுபறி நடந்துகொண்டே இருந்தது.

துப்பாக்கிச் சூட்டுக்கு முந்தின நாள்கூட அந்த வழக்கில் விசாரணை இருந்தது. முந்தின நாள்!

அந்தப் பெண் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், முன்னாள் கணவன் எல்லாவற்றையும் தன் கட்டுப்பாட்டில் வைக்கத் துடிக்கிறார், கொலை, தற்கொலை என்று மிரட்டியிருக்கிறார் என்றெல்லாம் சொல்லியிருந்தார். அதாவது எச்சரிக்கை காகிதத்திலேயே இருந்தது.

இன்னொன்று. 2007இல் அவன் தன் மாற்றாந்தந்தையைத் தாக்கியதாக ஒரு தடை உத்தரவு வந்தது. அது இருந்த வரைக்கும் அவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. உத்தரவு காலாவதி ஆனது. தடையும் போனது.

அதே 2007இல், அவன் வேலை பார்த்த இழுவைக் கப்பலில் ஒரு விபத்து. கூட வேலை பார்த்தவர் ஒருவர் இறந்தார். இவனுக்குக் காலில் பலத்த காயம். அதற்குப் பின் மன அதிர்ச்சி நோய் என்று சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் ஒரு டாக்டராக நிறுத்தி ஒன்று சொல்லியாகணும். செய்தியில் 'மன அதிர்ச்சி நோய்' என்று வந்ததும், 'ஓ, அதனாலதானா' என்று பலர் கடந்து போயிடுவாங்க. தப்பு. போர், விபத்து, வெள்ளம் பார்த்த லட்சக்கணக்கானவர்களுக்கு இந்த நோய் இருக்கு. அவங்க யாரையும் கொல்வதில்லை. பெரும்பாலும் தூக்கம் இல்லாமல், பயந்து பயந்து, தங்களுக்குள்ளேயே கஷ்டப்படுவாங்க.

அப்போ எதைப் பார்த்து பயப்படணும்?

ஜாக்குலின் கேம்ப்பெல் என்று ஒரு அமெரிக்கச் செவிலியர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். கணவராலோ காதலராலோ கொல்லப்படும் ஆபத்து ஒரு பெண்ணுக்கு எவ்வளவு இருக்கு என்று கணிக்க, 1985இல் ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார். 2003இல் அவர் குழு, அமெரிக்காவின் 11 நகரங்களில் நடந்த கொலைகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டது.

அதில் தெளிவாக வந்த விஷயங்கள்: ஏற்கெனவே அடித்து மிரட்டும் ஆணின் கையில் துப்பாக்கி இருந்தால், அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல் ஒரு அபாய அறிகுறி. எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் ஒருவனை விட்டு அவள் பிரிந்து வந்த காலம் மிக ஆபத்தான காலம்.

நாம பொதுவா என்ன நினைப்போம்? 'பிரிஞ்சாச்சு, இனிமே நிம்மதி'. இந்த மாதிரி உறவில் பிரிவுக்குப் பிறகுதான் ஆபத்து உச்சத்துக்குப் போகுது. அவன் பார்வையில், கட்டுப்பாடு கைவிட்டுப் போகும் நேரம் அது. குழந்தை பற்றிய ஒவ்வொரு கோர்ட் விசாரணையும் அதை அவனுக்கு ஞாபகப்படுத்தும்.

சீல் பீச்சில் மிரட்டல், துப்பாக்கி, பிரிவு, கட்டுப்பாட்டு வெறி எல்லாமே இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில், ஒவ்வொருத்தர் கையில் இருந்தது. ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க யாரும் இல்லை.

3. சுலபமான வழக்கு

கொலை நடந்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே அவனைப் பிடித்தார்கள். எதிர்க்கவில்லை. சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

நம்ம நாட்டில் போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பொதுவாக சாட்சியமாக எடுக்க மாட்டாங்க. அமெரிக்காவில் அப்படி இல்லை. உரிமைகளைச் சொல்லிவிட்டு முறைப்படி வாங்கினால் செல்லும்.

ஆரஞ்சு கவுண்டியின் மாவட்ட அட்டர்னி, அதாவது தலைமை அரசு வழக்கறிஞர், டோனி ரக்காக்கஸ். கொலை நடந்த இரண்டாம் நாளே, மரண தண்டனை கேட்போம் என்று அறிவித்துவிட்டார். ஊரே ஆமோதித்தது.

குற்றத்தை நிரூபிப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. அரசுத் தரப்புக்கு ஒரே ஒரு கவலைதான். 'சம்பவத்தின்போது என் புத்தி சரியாக இல்லை' என்று அவன் தரப்பில் வாதாடினால்? மரண தண்டனையா, ஆயுளா என்று முடிவு செய்ய வேண்டிய ஜூரிகளில் யாராவது மனம் இளகிவிட்டால்?

இங்கேதான் குறுக்கு வழி வருது.

கைதான ஒரு வாரத்துக்குள், சிறையில் அவனுக்குப் பக்கத்து அறையில் இன்னொரு கைதி இருந்தான். ரவுடிக் கும்பலைச் சேர்ந்தவன், ஆயுள் தண்டனையை எதிர்நோக்கி இருந்தவன். அவன் ஷெரிஃப் துறையின் இன்ஃபார்மர். மெதுவாகப் பேச்சுக் கொடுத்து நட்பாகி, அவன் வாயைத் திறக்க வைத்தான். அதன் பிறகு அதிகாரிகள் கொலையாளியின் அறையில் ஒட்டுக்கேட்கும் கருவியையும் பொருத்தினார்கள். நூறு மணி நேரத்துக்கு மேல் பேச்சு பதிவானது.

'எட்டுப் பேரைக் கொன்றவன்தானே, ஒட்டுக்கேட்டா என்ன தப்பு?'

எனக்கும் முதலில் அப்படித்தான் தோணுச்சு. ஒளிக்காமல் சொல்லிடறேன்.

ஆனா சட்டம் இதில் ரொம்பத் தெளிவு. அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை தருகிறது. குற்றச்சாட்டு பதிவாகி, வக்கீலும் வந்த பிறகு, அந்த வக்கீலுக்குத் தெரியாமல் அரசு அவரிடம் நேரடியாகவோ ஆள் வைத்தோ வாயைக் கிளறக் கூடாது. 1964இல் மசாயா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இது. 1980இல் ஹென்றி வழக்கில், சிறைக்குள் அரசு வைத்த இன்ஃபார்மருக்கும் இது பொருந்தும் என்று மறுபடி சொன்னது.

இன்னொரு விதி 1963இன் பிராடி வழக்கிலிருந்து வருது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக அரசிடம் ஏதாவது முக்கிய ஆதாரம் இருந்தால், அதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தே ஆகணும். இன்ஃபார்மருக்கு என்ன சலுகை பேசப்பட்டது, அவன் இதுவரை எத்தனை வழக்கில் இப்படி வேலை செய்தான் என்பதெல்லாம் அதில் சேரும்.

ஆக, இரண்டு விதிகள். இரண்டுமே சீல் பீச் வழக்குக்கு முன்பே நாற்பது வருஷத்துக்கு மேல் பழசு. எந்த அரசு வழக்கறிஞரும் தெரியாதுன்னு சொல்ல முடியாது.

4. ஒரு வக்கீலுக்கு வந்த சந்தேகம்

குற்றவாளிக்காக ஆஜரானவர் ஸ்காட் சாண்டர்ஸ். பப்ளிக் டிஃபெண்டர். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்காக, அரசுச் சம்பளத்தில் வாதாடுபவர். ஊரில் யாருக்கும் பிடிக்காத வேலை இது. எட்டுப் பேரைக் கொன்றவனுக்காக வாதாடுபவரை யாருக்குப் பிடிக்கும்?

அவர் கையில் அதே நேரத்தில் வேறொரு கொலை வழக்கும் இருந்தது. அந்தக் கோப்பைப் புரட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. அங்கேயும் ஒரு சிறை இன்ஃபார்மர். அதே ஆள்.

ஆயிரக்கணக்கான கைதிகள் இருக்கும் சிறை. தன்னுடைய இரண்டு முக்கியமான கட்சிக்காரர்களும் ஒரே ஆளிடம் தற்செயலாகவா மனம் திறந்தார்கள்?

2013 தொடக்கத்தில் அந்த இன்ஃபார்மர் சம்பந்தமான ஆவணங்களைக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. சாண்டர்ஸ் ஒரு வருஷம் உட்கார்ந்து படித்தார். 2014 ஜனவரியில் ஒரு மனு தாக்கல் செய்தார். மொத்தம் 505 பக்கம். ஆரஞ்சு கவுண்டி சிறைகளில் இன்ஃபார்மர்களைத் திட்டமிட்டு கைதிகளுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள், அதை வருஷக்கணக்கில் எதிர்த்தரப்பு வக்கீல்களிடமிருந்து மறைக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம்.

கற்பனைக் கதை என்று பலர் ஒதுக்கினார்கள். நீதிபதி தாமஸ் கீத்தல்ஸ் ஒதுக்கவில்லை. விசாரிப்போம் என்றார்.

இந்த நீதிபதியைப் பற்றி ஒன்று தெரிஞ்சுக்கணும். அவர் குற்றவாளிகள் மேல் இரக்கப்படும் ஆள் என்று முத்திரை குத்த முடியாது. ஒரு காலத்தில் இதே ஆரஞ்சு கவுண்டி அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கொலை வழக்குகளை நடத்தியவர்.

5. தோண்டத் தோண்ட

2014 மே மாதம், கொலையாளி எட்டுக் கொலைகளையும் ஒரு கொலை முயற்சியையும் கோர்ட்டில் ஒப்புக்கொண்டான். அதோடு குற்றவாளியா இல்லையா என்ற கேள்வி முடிந்தது. மிச்சம் இருந்தது தண்டனை மட்டும். மரணமா, பரோல் இல்லாத ஆயுளா? கலிஃபோர்னியாவில் அதை ஜூரி முடிவு செய்யணும்.

அதற்கு நடுவில் இன்ஃபார்மர் விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. சிறை அதிகாரிகள், அரசு வழக்கறிஞர்கள் ஒவ்வொருவராகக் கூண்டேறினார்கள். 2014 ஆகஸ்டில் முதல் தீர்ப்பு. தவறுகள் நடந்திருக்கின்றன, ஆனால் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தை விலக்கும் அளவுக்கு இல்லை என்றார் நீதிபதி. ரகசியப் பதிவுகள் வழக்கிலிருந்து வெளியே போயின.

இங்கேயே நிறுத்தியிருந்தாலும் அரசுத் தரப்புக்கு ஒன்றும் குறைந்திருக்காது. முதல் நாள் வாக்குமூலம் அப்படியே இருக்கு, சாட்சிகள் இருக்காங்க, துப்பாக்கிகள் இருக்கு.

சில மாதத்தில் இன்னொரு பூதம் கிளம்பியது. ஷெரிஃப் துறையில் 'ட்ரெட்' என்று ஒரு கம்ப்யூட்டர் பதிவேடு. எந்தக் கைதியை எந்த அறைக்கு எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்ற குறிப்புகள் அதில் இருந்தன. சுமார் 25 வருஷமாக இருந்த பதிவேடு. எந்த எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அதைக் காட்டியதில்லை. முன்பு சாட்சி சொன்ன அதிகாரிகள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நீதிபதி விசாரணையை மறுபடி திறந்தார். 2015 மார்ச் 12 அன்று தீர்ப்பு. இரண்டு சிறை அதிகாரிகள் பொய் சொன்னார்கள், இல்லையென்றால் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று எழுதினார். ஆரஞ்சு கவுண்டி அரசு வழக்கறிஞர் அலுவலகத்தையே, சுமார் 250 வழக்கறிஞர்களையும் சேர்த்து, இந்த வழக்கிலிருந்து விலக்கினார். அமெரிக்காவில் அபூர்வமாக நடக்கும் விஷயம் இது. வழக்கு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் போனது. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் கமலா ஹாரிஸ்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. கவுண்டி அரசு வழக்கறிஞர்கள், வேறு கொலை வழக்குகள் இந்த நீதிபதி முன் வரும்போதெல்லாம், இவர் வேண்டாம் என்று மனு போட ஆரம்பித்தார்கள். சட்டப்படி காரணம் சொல்லாமலே அப்படி மறுக்க வழி இருந்தது. வரிசையாகப் பல வழக்குகள் அவர் கையை விட்டுப் போயின. மனுஷன் அசரவில்லை.

மாநில அட்டர்னி ஜெனரல் தரப்பு, விலக்கிய உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. 2016 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கீத்தல்ஸ் செய்தது சரி என்றது. அதே வருஷம், ஷெரிஃப் துறையின் சிறப்புப் பிரிவு 2008 முதல் 2013 வரை எழுதி வைத்திருந்த ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட குறிப்பேடு ஒன்றும் வெளியே வந்தது. இன்ஃபார்மர்களை எப்படிக் கையாண்டார்கள் என்பதை அவர்கள் கைப்படவே எழுதியிருந்தார்கள். இதையும் கோர்ட் கேட்டபோது கொடுக்கவில்லை.

ஷெரிஃப் சாண்ட்ரா ஹட்ச்சன்ஸ் 2017இல் நேரில் சாட்சி சொன்னார். இன்ஃபார்மர் திட்டம் என்று ஒன்று எங்களிடம் இல்லை என்பதே அவர் நிலைப்பாடு.

2017 ஆகஸ்ட் 18. நீதிபதி முடிவைச் சொன்னார். ஷெரிஃப் துறை நீதிமன்ற உத்தரவுகளைத் தொடர்ந்து மதிக்கவில்லை. இன்னும் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ. இந்த நிலையில் ஒருவன் உயிரை எடுக்கும் தண்டனைக்கு நியாயமான விசாரணை நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே மரண தண்டனை இந்த வழக்கில் இல்லை.

2017 செப்டம்பர் 22. பரோல் இல்லாத ஆயுள் தண்டனை, எட்டு. ஒன்றன் பின் ஒன்றாக. அவன் சிறையிலேயே சாவான்.

6. அந்தக் குடும்பங்கள்

இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரலாம். வரணும்.

அந்தக் குடும்பங்களை நினைச்சுப் பாருங்க. மனைவியை, அம்மாவை, மகளை இழந்தவங்க. ஒவ்வொரு விசாரணைக்கும் வந்து, கொலையாளி இருக்கும் அதே அறையில் உட்கார்ந்தாங்க. தேதி தள்ளிப்போகும். மறுபடி வருவாங்க. மறுபடி தேதி. ஒவ்வொரு தடவையும் அந்த மதியத்தை முதலிலிருந்து வாழணும்.

எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை. சிலர் மரண தண்டனை வேண்டும் என்று கடைசி வரை நின்றார்கள். இறந்த ஒரு பெண்ணின் கணவர், ஆரம்பத்தில் அரசு வழக்கறிஞர்களை முழுசா நம்பியவர். பிற்பாடு அவர்தான் அவர்களை வெளிப்படையாக விமர்சித்தார். மரண தண்டனைக் கோரிக்கையைக் கைவிட்டு வழக்கை முடியுங்கள், எங்களை விடுங்கள் என்று கேட்டார்.

அவர் கோபம் யார் மேல் என்று கவனிங்க. கொலையாளியின் வக்கீல் மேல் இல்லை, நீதிபதி மேலும் இல்லை. ஜெயித்துவிட்ட வழக்கில் குறுக்கு வழி எடுத்தவர்கள் மேல்.

இன்னொரு கணக்கும் உண்டு. கலிஃபோர்னியாவில் கடைசியாக மரண தண்டனையை நிறைவேற்றியது 2006 ஜனவரியில். 2019 மார்ச்சில் ஆளுநர் கேவின் நியூசம் அதை நிறுத்தி வைத்து உத்தரவே போட்டார். மரண தண்டனை கிடைத்திருந்தாலும் அவன் இன்றைக்கும் சிறை அறையில்தான் இருந்திருப்பான். அந்த ஆறு வருஷம் மட்டும் குடும்பங்களுக்குத் திரும்பி வராது.

7. அதற்குப் பிறகு

இந்த ஒரு வழக்கோடு முடியவில்லை. இதே இன்ஃபார்மர் விவகாரத்தால் ஆரஞ்சு கவுண்டியின் வேறு பல வழக்குகள் ஆடிப்போயின. கொலை வழக்குகள் உட்பட. சிலவற்றில் தண்டனை குறைந்தது, சிலவற்றில் மறுவிசாரணை. அந்த வழக்குகளிலும் செத்துப்போனவங்க இருக்காங்க, அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. அதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

இருபது வருஷம் அந்தப் பதவியில் இருந்த ரக்காக்கஸ் 2018 தேர்தலில் டாட் ஸ்பிட்சரிடம் தோற்றார். ஷெரிஃப் ஹட்ச்சன்ஸ் மறுபடி போட்டியிடவில்லை.

சிறை அதிகாரிகள் மேல் மாநில அரசு நடத்திய விசாரணை, யார் மேலும் குற்றச்சாட்டு இல்லாமல் 2019இல் முடிந்தது. ஆமாம், ஒருவர் மேலும் இல்லை.

அமெரிக்க மத்திய நீதித்துறை 2016 டிசம்பரில் ஆரம்பித்த விசாரணையின் அறிக்கை 2022 அக்டோபரில் வந்தது. 2007 முதல் 2016 வரை ஷெரிஃப் துறையும் அரசு வழக்கறிஞர் அலுவலகமும் குற்றம் சாட்டப்பட்டவர்களின் அரசியலமைப்பு உரிமைகளைத் திட்டமிட்ட முறையில் மீறின என்றது. அன்றைக்குக் கற்பனைக் கதை என்று சொன்னார்களே, அந்த 505 பக்கம், அதன் சாரத்தைத்தான் எட்டு வருஷம் கழித்து அரசே எழுதியது.

8. எனக்கு இதில் என்ன

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நடந்த ஒன்று. ஒரு சாதாரண அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன். சீஃப் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சு, தையல் போடும் நேரம். தியேட்டர் சிஸ்டர் மாப் எண்ணினார். மாப் என்பது ரத்தம் ஒற்றி எடுக்கும் துணி. 'சார், ஒண்ணு குறையுது' என்றார்.

எல்லாருக்கும் எரிச்சல். அடுத்த கேஸ் வெளியே காத்திருக்கு. இவ்வளவு சின்ன ஆபரேஷன்ல உள்ளே விட்டிருப்போமா? நான்கூட மனசுக்குள்ள அந்த சிஸ்டரைத் திட்டினேன். சீஃப் மட்டும் ஊசியைக் கீழே வெச்சுட்டு, 'தேடுங்க' என்றார். கால் மணி நேரம் தேடினோம். நோயாளி மேல் போர்த்திய துணியின் மடிப்பில் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வயிற்றுக்குள்ள இல்லை.

அப்போ அந்தக் கால் மணி நேரம் வீணா? இல்லை. சுலபமான ஆபரேஷன், அதனால எண்ண வேண்டாம் என்று ஒரு நாள் விட்டால், அடுத்த நாள் கஷ்டமான ஆபரேஷனிலும் எண்ண மாட்டோம். உள்ளே விட்ட துணிக்கு, கேஸ் சுலபமா கஷ்டமா என்று தெரியாது.

ஆரஞ்சு கவுண்டியில் நடந்தது அதுதான். எண்ணாமல் விடுவது பழக்கமாகிவிட்டது. சந்தேகமான வழக்கில் ஆரம்பித்ததோ, சின்ன வழக்கில் ஆரம்பித்ததோ, கடைசியில் தோற்கவே முடியாத வழக்கிலும் அதே கை அதே வேலையைச் செய்தது. விதிகள் குற்றவாளியைக் காப்பாற்ற மட்டும்தான்னு நாம நினைக்கிறோம். அந்த விதிகளை மதித்திருந்தால் அந்த எட்டுக் குடும்பங்களுக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் தீர்ப்பு கிடைத்திருக்க வாய்ப்பு இருந்தது.

கடைசியாக, உங்களில் யாருக்காவது இந்தக் கதையின் முதல் பாதி ரொம்பப் பழக்கமாகத் தெரிந்தால், அதற்காக இது.

உங்களையோ, உங்க அக்காவையோ, மகளையோ ஒருத்தர் கொன்னுடுவேன்னு மிரட்டியிருந்தா, 'கோபத்துல சொன்னாரு'ன்னு விடாதீங்க. கழுத்தை நெரிச்சிருந்தா, ஒரே ஒரு தடவையா இருந்தாலும், அது பெரிய அபாய அறிகுறி. கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்க. நாங்க கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க. பிரிந்து வரும் காலத்தில் தனியா இருக்க வேண்டாம். குழந்தையை ஒப்படைக்கும் நாளில் கூட ஒரு ஆளை வெச்சுக்கோங்க. எங்கே போறீங்க என்று நம்பிக்கையான ஒருத்தருக்குத் தெரியட்டும். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம்.

கலிஃபோர்னியாவில் 2014இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான நிலையில் இருக்கும் ஒருவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும்படி குடும்பத்தினரே கோர்ட்டில் கேட்கலாம். இன்னொரு ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வந்த சட்டம் அது. 2011இல் அப்படி ஒரு கதவு இல்லை.

அன்றைக்கு அந்தப் பையன் பள்ளியில், அம்மாவோ அப்பாவோ வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தான். இரண்டு பேருமே வரவில்லை. இப்போது அவன் வளர்ந்த ஆளாகியிருப்பான். எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

உங்க கருத்தைச் சொல்லுங்க. நீதிபதி செய்தது சரியில்லைன்னு நினைச்சா அதையும் எழுதுங்க, பேசுவோம்.